ஸ்டீபன் பேஜ் விடைபெற்ற வருடம்

பங்காரா நடனக் குழுவை விட்டு ஸ்டீபன் பேஜ் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கவலையாகிவிட்டது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் இந்தக் குழு 1989இல் தொடங்கியது. 1991 முதல் அவர்தான் கலை இயக்குநர். நான் சிட்னிக்குக் குடிவந்த நாளிலிருந்து குழு என்றால் அவர், அவர் என்றால் குழு. நானும் நடனம் கற்றவள். ஊரில் ஆசிரியர் ஓய்ந்ததும் பள்ளியும் ஓய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

கலை இயக்குநராக அவருடைய கடைசிப் படைப்பு 'வுஜாங்'. 2022 தொடக்கத்தில் வால்ஷ் பே பக்கம் உள்ள ராஸ்லின் பேக்கர் அரங்கில் பார்த்தேன். கொரோனா காலம், எல்லார் முகத்திலும் மாஸ்க். பேஜின் முன்னோரான யுகம்பே மக்களின் மண்ணில் அணைக்காகத் தோண்டும்போது ஒரு மூதாதையின் எலும்புகள் வெளிப்படுகின்றன. அவளை முறைப்படி மறுபடி மண்ணில் சேர்க்க வேண்டும், கதை அவ்வளவுதான். நடனம், நாடகம், மேடையிலேயே இசை, யுகம்பே மொழியில் பாட்டு.

முப்பது வருட உழைப்பைக் கொண்டாடுகிற மாதிரி ஒரு பெரிய விழாவே எடுத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ ஒரு கிழவியை வீடு சேர்க்கும் கதையைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய சகோதரர்களில் ஒருவர் குழுவின் ஆட்டக்காரர், இன்னொருவர் இசையமைப்பாளர். 2002இல் ஒருவரும் 2016இல் மற்றவரும் இறந்தார்கள். (இறந்தவர் பெயரைச் சொல்வதில் பல பூர்வகுடிச் சமூகங்கள் கவனமாக இருக்கும். நானும் சொல்லாமல் விடுகிறேன்.) அதை நினைத்துக்கொண்டு பார்த்ததாலோ என்னவோ, அடக்கம் செய்யும் காட்சி எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்து இருக்கையில் ஒரு பூர்வகுடி மூதாட்டி. அங்கே பெரியவர்களை மரியாதையாக ஆன்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் என்னை விசாரித்தார்: எந்த ஊர், யாருடைய மக்கள்? கும்பகோணம் பக்கம் என்றேன். அப்புறம் மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "இவர் போன பிறகு எப்படி ஆன்டி?" அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "பிரான்சஸ் இருக்கிறாளே" என்றார்.

பிரான்சஸ் ரிங்ஸ் கொகாதா இனத்துப் பெண். 1993இல் நடனக் கலைஞராகச் சேர்ந்தவர், 2019 முதல் இணைக் கலை இயக்குநர். அவர் 2012இல் உருவாக்கிய 'டெரெய்ன்', 2022 நடுவில் ஓபரா ஹவுஸில் மறுபடி மேடையேறியபோது போய்ப் பார்த்தேன். தெற்கு ஆஸ்திரேலியாவின் உப்பு ஏரியான காட்டி தாண்டாதான் கரு. அது அரபானா மக்களின் மண். அவர்களின் மூத்தவர் ரெஜினால்ட் டாட் அந்தப் படைப்புக்கு வழிகாட்டியிருக்கிறார்.

எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. அங்கே கதை குழுவுக்குச் சொந்தமில்லை, அந்தந்த மண்ணின் மக்களுக்குச் சொந்தம். குழு அவர்களிடம் போய் உட்கார்ந்து, கேட்டு, அனுமதி வாங்கித்தான் ஆடுகிறது. ஆடியதைத் திரும்ப அந்த ஊர்களுக்கும் கொண்டுபோகிறது. கலை இயக்குநர் அதைக் கொஞ்ச காலம் பொறுப்பாக வைத்திருப்பவர், அவ்வளவே. அதனால்தான் கைமாற்றிக் கொடுப்பதும் முடிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வெளியாளைத் தேடவே இல்லை, உள்ளேயே முப்பது வருடமாக வளர்ந்து வந்தவரிடம் ஒப்படைத்தார்கள். தலைவர் ஒருவரை வழியனுப்ப இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. பூமாலையும் பாராட்டுரையும் எல்லாரும் செய்வதுதானே!

2023இல் தலைமை ஏற்ற பிறகு பிரான்சஸ் தந்த முதல் படைப்பு 'யுல்டியா'. நல்லார்பர் சமவெளி ஓரத்தில் பாலைநில மக்களுக்குக் காலங்காலமாகத் தண்ணீர் கொடுத்த ஊற்று அது. 1917இல் கண்டத்தின் குறுக்கே போட்டு முடித்த ரயில்பாதை, நீராவி எஞ்சின்களுக்காக அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தது. பிரான்சஸின் சொந்த மக்களின் கதை. அதற்கு என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பேஜின் சாயல் எங்காவது தெரிகிறதா என்று முதலில் தேடிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தேடுவதை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.