படிக்கட்டுக் கைப்பிடி ரோப்புக்குப் பிவிசி உறையா, நைலான் உறையா?

கேள்வி (கோத்தகிரி):
எங்கள் தேயிலைத் தோட்டத்தின் செங்குத்தான படிக்கட்டில் கைப்பிடியாக 6 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய) ஸ்டீல் ரோப் கட்ட விரும்புகிறோம். இலைமூட்டையோடு இறங்குபவர்களின் உள்ளங்கையை அறுந்த இழைகள் கிழிக்காமலும், மூடுபனியில் துருப்பிடிக்காமலும் இருக்க எந்த உறை ஏற்றது?

மறுமொழி (குன்னூர்):
பிவிசி விலை குறைவு, கைக்கும் மென்மையானது. ஆனால் அதற்கு நெகிழ்வு தரும் சேர்மம் வெயிலில் நாளடைவில் வெளியேறிவிடுவதால், உறை விறைத்து, குளிர்காலத்தில் வளைவுகளில் வெடிக்கக்கூடும். நைலான் சற்று விறைப்பானது என்றாலும் உராய்வை நன்கு தாங்கும். எதை வாங்கினாலும் கருப்பாக வாங்குங்கள். அதில் கலந்துள்ள கார்பன் கரி புற ஊதாக் கதிரைத் தடுக்கும்.

மறுமொழி (உதகை):
உறையைவிட முனைகளே முக்கியம் என்பேன். வெட்டிய முனை வழியாக நுழையும் நீர் இழைகளுக்கிடையே ஊர்ந்து உள்ளேயே தங்கிவிடுவதால், வெளியே பளபளக்கும் உறைக்குள் ரோப் அரித்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. முனையை மடித்து ரோப்போடு சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பை உறைமேல் இறுக்கினால் வழுக்கும். ஆகவே அந்த இடத்தில் உறையைச் சீவியெடுத்து, வெறும் கம்பிமீது கிளாம்பை இறுக்கி, முனையைப் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) மூடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. உறையோடு 8 மி.மீ. வரும் ரோப்புக்குக் கிளாம்ப் எந்த அளவு?

மறுமொழி (உதகை):
6 மி.மீ.தான், அந்த இடத்தில் உறையைச் சீவிவிடுகிறோமே. கிளாம்பின் யு வடிவ போல்ட், இழுவிசை தாங்கும் நீள்பக்கத்தில் அல்ல, மடித்துவிட்ட குட்டை முனைமீது அமர வேண்டும். கடைகளில்கூட இதைத் தலைகீழாக மாட்டித் தருகிறார்கள்.