புதுக் கட்டடங்கள் மீதான கட்டமைப்பு ‘லெவி’: தமிழில் என்ன சொல்வது?

இல்ஃபோர்ட், மொழிபெயர்ப்பாளர்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கிழக்கு லண்டனில் ஓர் உள்ளாட்சி மன்றம் கம்யூனிட்டி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லெவிக்கு, அதாவது புதிதாகக் கட்டுவோரிடம் பொதுக் கட்டமைப்புக்காக மன்றம் வாங்கும் தொகைக்கு, எவ்வளவு விதிப்பது என்ற புதிய வரைவு அட்டவணை கொண்டுவருகிறது. அதற்கான கருத்துக்கேட்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நான்கு சொற்கள் தேவை: லெவி, லயபிலிட்டி நோட்டீஸ், கமென்ஸ்மென்ட் நோட்டீஸ், டிமாண்ட் நோட்டீஸ்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: 2008ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம், 11ஆம் பகுதி. விதிகள் 2010 ஏப்ரலில் நடப்புக்கு வந்தன. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டும், ஸ்காட்லாந்தில் கிடையாது. முதலில் விதித்தது நியூவார்க் அண்ட் ஷெர்வுட் மாவட்ட மன்றம், 2011 டிசம்பரில். லண்டனின் உள்ளாட்சி வட்டாரங்களான பரோக்களில் ரெட்பிரிட்ஜ் முந்திக்கொண்டது: 2012 ஜனவரி, சதுர மீட்டருக்கு 70 பவுண்டு. பொதுவாக 100 சதுர மீட்டரும் அதற்கு மேலும் புதிதாகக் கட்டினால் விழும். அதற்குக் குறைவானாலும் தனிக் குடியிருப்பு ஒன்று புதிதாக உருவானால் விழும். பணம் சாலை, பள்ளி, மருத்துவமனை, வெள்ளத்தடுப்பு, பூங்கா போன்றவற்றுக்கு.

‘சமுதாய உட்கட்டமைப்பு வரி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

கோவை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, சோழர் கல்வெட்டுகளில் ‘ஏரி ஆயம்’ என்றொரு வரியினம் வருகிறது. ஏரியைப் பேணுவதற்கென்றே ஊர் எடுத்த பணம். உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்ததையும் சேர்த்துப் பாருங்கள்: உள்ளாட்சி, பொதுக் கட்டமைப்பு, அதற்கென ஒதுக்கிய வரி, மூன்றும் ஓரிடத்தில் இருக்கின்றன. ஆயம் செத்த சொல் அன்று. ஆயத்தீர்வை என்று இன்றும் அரசு எழுதுகிறது. கட்டமைப்பு + ஆயம் = கட்டமைப்பாயம். குற்றியலுகரம் கெட்டு இயல்பாகவே புணர்கிறது.

‘உல்கு’ என்பதும் உண்டு. குறள் 756 உல்கு பொருள் என்கிறது. ஆனால் அது சுங்கத்துக்கு உரியது. சரக்கு நகர்வின்மேல் விழுவது. நிலத்தில் நிற்கும் கட்டடத்துக்குப் பொருந்தாது. ‘இறை’ அரசனுக்குப் போவது. ஊர்ச்சபைக்குப் போவதற்கு ஆயமே தகும். ‘அந்தராயம்’ என்று ஊர்மட்ட வரிக்கே ஒரு பெயர் இருந்திருக்கிறது. இவ்வளவு கையில் இருக்க, ‘லெவி’யை அப்படியே இறக்குமதி செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

யாழ்ப்பாணம், உள்ளூராட்சி நிர்வாகம்

ஐயா, ஆயம் அழகான சொல். ஆனால் சங்கப் பாடல் படித்தவருக்குத் தலைவியின் தோழியர் கூட்டமும் மாட்டு மந்தையும்தான் அதில் முதலில் தெரியும். படிக்காதவருக்கு ஒன்றுமே தெரியாது. கையேட்டை வாசிக்கப் போவது இரண்டாம் வகையினர்.

எங்களிடம் ‘அறவிடு’ என்ற வினை அன்றாட வழக்கில் இருக்கிறது. வரியையும் அறவிடுவோம், கட்டணத்தையும் அறவிடுவோம். அதன் பெயர்ச்சொல் ‘அறவீடு’. லெவி என்ற சொல்லுக்குள் இருக்கும் ‘விதித்து வசூலித்தல்’ அப்படியே இதில் இருக்கிறது. லண்டன் தமிழர்களில் பெரும்பகுதியினர் எங்கள் பக்கத்தவர், அவர்களுக்கு விளங்கும்.

‘சமுதாய’ என்பதை வெட்டிவிடுங்கள். ‘சமூகம்’ என்று போட்டாலும் தமிழ்ச் சமூகத்துக்கு, கோயிலுக்கு, சங்கத்துக்குச் சேர்க்கும் நன்கொடை என்றே வாசிப்பார்கள்.

இன்னொன்று. அட்டவணையில் ‘வீதம்’ என்று எழுதாதீர்கள். எங்களுக்கு ‘20 வீதம்’ என்றால் நூற்றுக்கு இருபது. ‘வீதம் 70’ என்று கண்டால் கட்டடப் பெறுமதியில் நூற்றுக்கு எழுபது என்று பதறுவார்கள். ‘ஒரு சதுர மீட்டருக்கு 70 பவுண்’ என்று முழுதாகவே போடுங்கள்.

சென்னை, நகரமைப்பாளர்

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டத்தில் வளர்ச்சிக் கட்டணம் ஒன்று, பின்னால் 63-பி பிரிவாகச் சேர்ந்த உட்கட்டமைப்பு, வசதிகளுக்கான கட்டணம் ஒன்று. திட்ட அனுமதிக் கோப்போடு வாங்குவதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது ‘கட்டணம்’தான்.

ஆனால் இல்ஃபோர்ட் அம்மாவின் கையேட்டுக்கு அந்தச் சொல்லைப் பரிந்துரைக்க மாட்டேன். கட்டணம் என்றால் கொடுத்ததற்குக் கைம்மாறாக ஒன்று கிடைக்கும். குடிநீர் இணைப்புக் கட்டணம் கட்டினால் குழாய் வரும். இந்த லெவி கட்டியவர் ‘என் தெருவுக்கு என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் மன்றத்திடம் பதில் இருக்காது, பணம் பரோவின் மறுகோடியில் பள்ளிக்குப் போயிருக்கலாம். குறிப்பிட்ட மனையோடு நேரடியாகத் தொடர்புள்ள செலவுக்கு அங்கே 106ஆம் பிரிவு ஒப்பந்தம் என்று வேறு வழி இருக்கிறது. அது பேசி முடிவு செய்வது, இது பேரம் பேச முடியாதது. அதனால் ‘பங்களிப்பு’ம் ஆகாது, விருப்பப்பட்டுக் கொடுப்பதுபோல் ஒலிக்கிறது. என் வாக்கு ‘வரி’க்கு.

ஹாரோ, திட்ட அனுமதி ஆலோசகர்

லெவிக்கு ஆயமோ அறவீடோ எது வைத்தாலும் யாருக்கும் காசு நட்டம் வராது. மூன்று நோட்டீஸ்களுக்குத் தவறான சொல் வைத்தால் வரும். எல்லோரும் முதல் சொல்லையே சுற்றிவருவதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு கணக்கு. 90 சதுர மீட்டர் பழைய வீட்டை இடித்து 210 சதுர மீட்டரில் விற்பனைக்குக் கட்டுகிறார்கள். கூடுதல் பரப்பு 120. மேலே சொன்ன 70 பவுண்டைக் கொண்டால் 8,400. லண்டன் மேயரின் லெவி தனி. அது 2012 ஏப்ரலில் கிராஸ்ரெயில் ரயில் பாதைக்காகத் தொடங்கியது. 2019 ஏப்ரலிலிருந்து பரோவைப் பொறுத்து 80, 60, 25 என்று மூன்று படி. ரெட்பிரிட்ஜ் நடுப்படி, ஆக 7,200. இரண்டும் சேர்ந்து 15,600. இதன்மேல், அட்டவணை வந்த ஆண்டுக்கும் அனுமதி கிடைத்த ஆண்டுக்கும் இடையே கட்டுமானச் செலவுக் குறியீட்டெண் ஏறிய அளவுக்குத் தொகையும் ஏறும்.

அந்த 90 சதுர மீட்டர் கழிவு தானாக வராது. பழைய கட்டடம் முந்தைய மூன்றாண்டுக்குள் தொடர்ச்சியாக ஆறு மாதமாவது சட்டப்படி பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை தொடங்க அனுமதி செல்லுபடியாகும் நாளில் அது இடத்தில் நிற்கவும் வேண்டும். ‘எப்படியும் இடிக்கத்தானே போகிறோம்’ என்று முன்கூட்டி இடித்துத் தரைமட்டமாக்கினால் முழு 210க்கும் கணக்கு விழும். ஆகவே ‘புதுக் கட்டடப் பரப்பு’ என்று எழுதாமல் ‘கழிவு போக மிஞ்சும் தளப்பரப்பு’ என்று எழுதுங்கள்.

இனி நோட்டீஸ்கள். அனுமதி கிடைத்ததும் மன்றம் அனுப்புவது லயபிலிட்டி நோட்டீஸ். அது பில் அன்று. எவ்வளவு விழும் என்ற தகவல். பணம் செலுத்தப்போவது யார் என்று இரண்டாம் எண் படிவத்தில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். யாரும் ஏற்காவிட்டால் நில உரிமையாளர் தலையில் விழும், ஆளுக்கு 50 பவுண்டு அபராதமும் சேரும். அடுத்தது கமென்ஸ்மென்ட் நோட்டீஸ், ஆறாம் எண் படிவம். இதை அனுப்ப வேண்டியது கட்டுபவர். வேலை தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் மன்றத்தின் கையில் இருக்க வேண்டும். அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டினாலே தொடக்கம்தான், இடிப்பதும் தொடக்கமே. அனுப்பத் தவறினால் தொகையில் 20 சதவீதம் அல்லது 2,500 பவுண்டு, எது குறைவோ அது கூடுதலாக விழும். தவணைச் சலுகை போகும். வழக்கமான 60 நாள் அவகாசமும் போய், முழுப் பணமும் உடனே செலுத்த வேண்டியதாகும். அதன் பிறகு மன்றம் அனுப்புவதுதான் டிமாண்ட் நோட்டீஸ். உண்மையான பில் அதுவே.

அடிக்கடி நடக்கும் தவறு இது: கட்டட விதிமுறை ஆய்வாளருக்கு ‘திங்கட்கிழமை தொடங்குகிறோம்’ என்று சொல்லிவிட்டு, மன்றத்துக்குச் சொல்லியாயிற்று என்று நினைப்பது. அது வேறு பிரிவு, வேறு சட்டம். வெறும் ‘தொடக்க அறிவிப்பு’ என்று மொழிபெயர்த்தால் இந்தக் குழப்பம் தமிழிலும் அப்படியே வந்து சேரும். தொடங்கிய பிறகு அறிவிப்பது என்றும் அதைப் படிக்கலாம். ‘முன்’ என்ற எழுத்துகள் சொல்லுக்குள்ளேயே இருக்கட்டும்: பணித்தொடக்க முன்னறிவிப்பு.

தானே குடியிருக்கக் கட்டுபவருக்கு விலக்கு உண்டு. ஆனால் தோண்டுவதற்கு முன்பே விலக்கு கிடைத்திருக்க வேண்டும், விண்ணப்பித்தால் போதாது. கட்டி முடித்த ஆறு மாதத்துக்குள் விலக்குக்கான இரண்டாம் பகுதிப் படிவமும் ஆவணங்களும் தர வேண்டும், மூன்றாண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும். இதைப் பெட்டி கட்டிப் போடுங்கள். இந்தக் கையேட்டைத் தமிழில் தேடிப் படிக்கப்போகிறவர் பெரும்பாலும் இவர்தான்.

சென்னை, நகரமைப்பாளர்

முன்னறிவிப்பு மிகச் சரி. டிமாண்டுக்கு நம் வருவாய்த் துறையில் சொல் இருக்கிறது: கேட்பு. ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று மூன்று பத்தி போட்டுத்தான் பதிவேடே எழுதுகிறோம். எனவே கேட்பு அறிவிப்பு. லயபிலிட்டிக்கு ‘கடப்பாடு’ வேண்டாம், ஒழுக்கப் போதனைபோல் இருக்கிறது. பில் இல்லை, தகவல்தான் என்பதால் ‘வரித்தொகை அறிவிப்பு’ போதும். பொறுப்பு என்ற சொல்லை இரண்டாம் எண் படிவத்துக்கு மீதம் வையுங்கள்: பொறுப்பேற்புப் படிவம்.

கோவை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

முன்னறிவிப்பை ஏற்கிறேன். ஆனால் ‘உட்கட்டமைப்பு’ பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. உள் + கட்டமைப்பு, ளகரம் வல்லினத்தின் முன் டகரமாகி உட்கட்டமைப்பு. புணர்ச்சியில் பிழை இல்லை, பொருளில் இருக்கிறது. ‘இன்ஃப்ரா’ என்றால் இலத்தீனில் கீழே. உள்ளே அன்று. சாலை எதற்கு உள்ளே இருக்கிறது? பூங்கா எதற்கு உள்ளே? ஒரு காலத்தில் ‘அகக்கட்டமைப்பு’ என்றும் எழுதினார்கள், அதே பிழை. ‘அடிக்கட்டமைப்பு’ என்பதே நேர். உட்பகை, உட்பொருள் என்னும் சொற்களில் ‘உள்’ மறைவைக் குறிக்கிறது. பொதுமக்கள் கண்முன் நிற்கும் பள்ளிக்கூடத்தை மறைவான ஒன்றின் பெயரால் அழைப்பது தமிழுக்குச் செய்யும் தீங்கு.

யாழ்ப்பாணம், உள்ளூராட்சி நிர்வாகம்

ஐயா, உட்கட்டமைப்பு நாற்பது கோடி ரூபாய்த் திட்ட அறிக்கையிலும் வந்துவிட்டது, பத்தாம் வகுப்புப் புத்தகத்திலும் வந்துவிட்டது. இலங்கையில் ‘உட்கட்டுமானம்’ என்றும் எழுதுகிறோம். இனி மூலத்துக்குத் திரும்ப முடியாது. ‘அடிக்கட்டமைப்பு’ என்றால் வீடு கட்டுபவர் அஸ்திவாரம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அஸ்திவாரம் தோண்டுவதைப் பற்றியே எச்சரிக்கும் கையேட்டில் அது ஆபத்து.

இல்ஃபோர்ட், மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. மாலைக்குள் அனுப்ப வேண்டியிருப்பதால் இப்படி வைக்கிறேன்.

தலைப்பில் ‘புதுக் கட்டடங்களுக்கான கட்டமைப்பு வரி’. ‘உள்’, ‘அடி’ இரண்டையும் விட்டேன். கட்டமைப்பு தனித்தே நிற்கும். முதல் பத்தியிலேயே, மன்ற அலுவலர்கள் இதை ஆங்கில முதலெழுத்துகளைச் (CIL) சேர்த்துச் ‘சில்’ என்பார்கள் என்று ஒரு வரி. தொலைபேசியில் வாசகர் கேட்கப்போவது அந்த ஒலியைத்தான். வரித்தொகை அறிவிப்பு, பொறுப்பேற்புப் படிவம், பணித்தொடக்க முன்னறிவிப்பு, கேட்பு அறிவிப்பு. ‘வீதம்’ எங்கும் இல்லை. பழைய வீட்டை அனுமதிக்குமுன் இடிக்கக் கூடாது என்பதும் தன்குடியிருப்பு விலக்கும் பெட்டிக்குள்.

மன்றம் இதை எப்படிக் கொண்டுவருகிறது என்ற பக்கத்துக்கும் சொற்கள் முடிந்தன: வரைவு அட்டவணை, கருத்துக்கேட்பு, தற்சார்பு ஆய்வாளரின் விசாரணை, மன்றத் தீர்மானம். ‘வயபிலிட்டி’க்கு மட்டும் ஒரு சொல் போதவில்லை. வரி கட்டிய பிறகும் கட்டுவோருக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்ப்பதால் ‘கட்டுப்படியாகும் நிலை’ என்று எழுதியிருக்கிறேன். ஆய்வாளர் பார்ப்பதே அதைத்தான்: கட்டமைப்புக்குக் குறையும் பணம் ஒரு பக்கம், கட்டுமானம் முடங்காமல் இருப்பது மறுபக்கம்.

ஹாரோ, திட்ட அனுமதி ஆலோசகர்

கட்டுப்படியாகும் நிலை நன்று. ‘தற்சார்பு’ வேண்டாம், இயற்கை விவசாயம் நினைவுக்கு வருகிறது. ‘சார்பற்ற ஆய்வாளர்’ என்று மாற்றுங்கள். வசூலில் 15 சதவீதம் அந்தந்தப் பேட்டைக்கே செலவாக வேண்டும், குடியிருப்போர் வாக்களித்து ஏற்ற அண்டைப்பகுதித் திட்டம் இருந்தால் 25 சதவீதம் என்பதையும் சேர்த்தால் கருத்துக்கேட்பில் மக்களுக்குப் பேச ஏதாவது இருக்கும்.

யாழ்ப்பாணம், உள்ளூராட்சி நிர்வாகம்

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் ‘வரி’க்கு என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். எங்கள் சனத்துக்கு உள்ளூராட்சி வரி என்றால் சோலை வரி. லண்டனில் கவுன்சில் டாக்ஸ். இரண்டும் ஆண்டுதோறும் வருபவை. ‘கட்டமைப்பு வரி’ என்று கண்டால் வீடு இருக்கும்வரை கட்ட வேண்டும் என்று நினைப்பார்கள். கருத்துக்கேட்பில் அந்தப் பயத்தோடே எதிர்த்து எழுதுவார்கள். அறவீடு என்றிருந்தால் இந்தச் சிக்கல் வந்திராது. வரி என்றே வைப்பதானால் தலைப்புக்குக் கீழே ‘ஒருமுறை மட்டும்’ என்று தடித்த எழுத்தில் போடுங்கள். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.