கோழி எருவும் எங்கள் குட்டையும்: படிகாரம் கலந்து பார்த்த அனுபவம்

நாமக்கல் பக்கம் லேயர் (முட்டைக்கோழி) பண்ணை வைத்திருக்கிறோம். கூண்டுக்கு அடியில் சேரும் எருவை அள்ளி, லாரி வரும்வரை ஷெட்டுக்குப் பின்னால் குவித்து வைப்பது வழக்கம். மூன்று வருடங்களுக்கு முன் ஐப்பசியில், லாரி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குவியலிலிருந்து டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் வழிந்து, சரிவில் இருந்த குட்டைக்குப் போனது. தை பிறந்தபோது குட்டை முழுக்கப் பச்சைப் பாசி. அப்புறம் மீன்கள் செத்து மிதந்தன. அங்கே ஆடு மேய்ப்பவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாசியைத் தூண்டியதில் பெரும்பங்கு மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு. தீவனத்தில் போடும் மக்காச்சோளத்திலும் சோயாவிலும் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைடேட், அதாவது விதைகள் அதைச் சேமித்து வைக்கும் வடிவம். கோழிக்குச் சரியாகச் செரிக்காது. அதனால் தீவனத்தில் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) என்ற பாஸ்பரஸ் உப்பு வேறு சேர்க்கிறோம். மிஞ்சுவதெல்லாம் எருவில்தான்.

அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் 1990களிலேயே பாஸ்பரஸ் கரைந்து ஓடாமல் இருக்க, கோழி எருவில் அலுமினியம் சல்பேட் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று படித்தேன். குடிநீர்த் தொட்டியில் போடும் அதே படிகாரம். இரண்டு பாட்டிலில் தலா 100 கிராம் எருவும் ஒரு லிட்டர் தண்ணீரும் ஊற்றி, ஒன்றில் மட்டும் 10 கிராம் படிகாரத்தூள் போட்டேன். நன்றாகக் குலுக்கி, தெளியவிட்டு, வடிகட்டி, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் பாஸ்பேட் (நீரில் கரைந்த பாஸ்பரஸ்) கிட்டில் சோதித்தேன். நீலம் கூடினால் பாஸ்பேட் அதிகம். வெறும் எருவின் வடிநீர், பலமடங்கு நீர் சேர்த்த பிறகும் பேனா மை போல நீலம். படிகாரம் போட்டது, வெள்ளைத்தாளை அடியில் பிடித்தால்தான் நீலம் என்றே தெரிந்தது. படிகாரத்தில் உள்ள அலுமினியம், பாஸ்பேட்டைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடுகிறது. படிகாரம் அமிலத்தன்மை உள்ளது என்பதால் அம்மோனியாவும் குறைவாகவே பறக்கிறது. படிகாரம் கலந்த எருவை அள்ளும்போது கண் எரிச்சல் நன்றாகக் குறைந்தது. சுண்ணாம்பு போட்டால் இது நேர்மாறாகிவிடும், தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். தூள் கலக்கும்போது கையுறை, முகக்கவசம் கட்டாயம் போடுங்கள்.

இப்போது தென்னை நார்க்கழிவும் சேர்த்து, கூரைக்கு அடியில் மக்க வைக்கிறோம். முதல் கம்போஸ்ட்டைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது மொத்த மணிச்சத்து சதவீதம் கூடியிருந்தது. எல்லாம் வீண் என்று மனம் உடைந்துபோனேன். விஷயம் வேறு: மக்கும்போது கரிமப்பொருள் கரியமில வாயுவாகப் போய்க் குவியல் சுருங்குகிறது, பாஸ்பரஸ் எங்கேயும் போவதில்லை. ஆகவே மொத்த அளவை மட்டும் பார்க்காமல், நீரில் கரையும் அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். எங்களுடையதில் அது நன்றாகவே இறங்கியிருந்தது. அப்படியும் மண் பரிசோதனை பார்த்துத்தான் வயலுக்குப் போடுகிறோம்.

குழுவில் மாடு வைத்திருக்கும் உறுப்பினரின் பதில்:

படிகாரம் விலை கட்டாது என்று நான் சாணத்தில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) கலந்தேன். கம்போஸ்ட்டுக்கு நன்றாகவே இருந்தது. மிஞ்சியதை கோபர் காஸ் (சாண எரிவாயு) தொட்டியில் கொட்டியதுதான் பெரிய தவறு. சில நாளில் அடுப்பைத் திறந்தாலே அழுகிய முட்டை நாற்றம். ஜிப்சத்தில் உள்ள சல்பேட், காற்றில்லாத இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அது உயிரையே பறிக்கும் வாயு. மூடிய சாணிக்குழியிலும் இதே ஆபத்து உண்டு, கிளறும்போது இன்னும் அதிகம். என் பிள்ளைகள் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் விளையாடுவார்கள். இப்போது தொட்டிக்கு வெறும் சாணம் மட்டும். ஜிப்சம் கலந்த கூடைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியாக வைத்திருக்கிறேன்.