28 ஆகமத்தையும் பார்த்தவர் யார்?

ஓலைநறுக்கு:
சிவன் கோவில் வழிபாட்டு விதிநூல்களான ஆகமங்களையும் அர்ச்சகர் நியமனத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கோபுரவாசல் நேற்று இப்படி எழுதினார்: "28 ஆகமங்களும் சிவபெருமான் திருவாயால் அருளியவை. 28-லும் ஒரே விதிதான். பிறப்பால் உரியவரைத் தவிர யாரும் மூலவரைத் தொடக்கூடாது. இதைக் கேள்வி கேட்க யாருக்கும் தகுதி கிடையாது."

படித்ததிலிருந்து மனசு கொதிக்கிறது. ஐயா, 28-லும் ஒரே விதி என்கிறீர்களே, 28-ஐயும் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முழுசாக வேண்டாம், 28-க்கும் ஏடாவது கண்ணில் பட்டிருக்கிறதா? என் தாத்தா ஓதுவார். ஐம்பது வருஷம் தேவாரம் பாடினார். ஒரு நாள்கூட அர்த்தமண்டபப் படி ஏற விட்டதில்லை. கேட்டால் "ஆகமத்தில் இல்லை" என்பார்கள். எந்த ஆகமம் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

கோபுரவாசல்:
திருமூலரே "அஞ்சோடு இருபத்து மூன்றுள ஆகமம்" என்று பாடியிருக்கிறார். ஐந்தும் இருபத்து மூன்றும் எத்தனை? ஓதுவார் பேரனுக்குக் கூட்டல் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்வது?

ஓலைநறுக்கு:
கூட்டல் தெரியும். எண்ணிக்கையை நான் மறுக்கவே இல்லை. பார்த்தீர்களா என்றுதான் கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை.

திருமூலரை நீங்கள்தான் இழுத்தீர்கள், அதனால் சொல்கிறேன். அதே திருமந்திரத்தில் ஒன்பது ஆகமங்களைப் பெயர் சொல்லிப் பாடுகிறார்: காரணம், காமிகம், வீரம், சிந்தியம், வாதுளம், யாமளம், காலோத்தரம், சுப்பிரம், மகுடம். இதில் யாமளமும் காலோத்தரமும் இன்று எல்லோரும் ஒப்பிக்கும் 28 பெயர்ப் பட்டியலில் எங்கே இருக்கின்றன? காட்டுங்கள். பட்டியலே ஆளுக்கு ஆள் மாறும்போது "28-லும் ஒரே விதி" என்று எப்படி வாய் கூசாமல் சொல்ல முடிகிறது?

வில்வம்:
நான் சிவாச்சாரியார் வீட்டுப் பிள்ளை. காலோத்தரத்தை வாதுளத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம் அண்ணா. மூல ஆகமம் 28, அவற்றின் வழிநூல்களான உபாகமம் 207. புத்தகத்தில் தேடினால் அகப்படாது. குருமுகமாக வருவது. என் அப்பா விடிகாலை நான்கு மணிக்குக் குளித்துவிட்டு ஈரத்துணியோடு போகிறவர். தட்டில் விழும் காசுதான் எங்கள் வீட்டு அரிசி. எங்களை ஏதோ ஜமீன்தார் மாதிரி எழுதாதீர்கள்.

ஓலைநறுக்கு:
தம்பி, உங்கள் அப்பாவை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் குருமுகம் என்றீர்களே, அதையே பேசுவோம். தமிழ்நாட்டுச் சிவன் கோவில்களில் பெரும்பாலும் கையில் எடுப்பது மூல ஆகமத்தையா, பூசை முறைக் கைந்நூலான பத்ததியையா? 12-ஆம் நூற்றாண்டில் அகோர சிவாச்சாரியார் எழுதிய கிரியாக்ரமத்யோதிகா என்ற பத்ததிதானே? அவர் பெரிய ஞானி, வணங்குகிறேன். ஆனால் மனிதர். மனிதர் தொகுத்த கைந்நூலைப் பார்த்துப் பூசை செய்துவிட்டு, "சிவன் வாயால் சொன்னது" என்று ஊரார் வாயை அடைப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்கிறேன். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து ஊர் ஊராக அலைந்து சைவச் சுவடிகளைச் சேர்த்தது. அந்தத் தொகுப்பை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் ஏற்றியது. அங்கே என். ஆர். பட் ரௌரவம், அஜிதம், மதங்கம் என்று ஒவ்வொன்றாகப் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். அத்தனை உழைப்புக்குப் பிறகும் 28-ம் முழுசாகக் கிடைக்கவில்லை. சிலவற்றுக்குப் பெயர்தான் மிச்சம், சிலவற்றுக்கு மற்ற நூல்களில் வரும் மேற்கோள்தான் மிச்சம். நேபாளத்தில் பனையோலையில் கிடைத்த நிச்வாசம், கிரணம் போன்ற பழைய நூல்களைப் படித்தவர்கள் சொல்வது இது: அவற்றில் அதிகம் பேசப்படுவது தீட்சையும் சாதகனின் தனி வழிபாடும்தான். கோவில் திருவிழா, பிரதிஷ்டை, அர்ச்சகர் இலக்கணம் எல்லாம் விரிவாக வருவது பின்னாளில் தென்னாட்டில் வளர்ந்த நூல்களில். பழைய 28-ல் நிற்கிறீர்களா, புதிய 28-ல் நிற்கிறீர்களா?

கோபுரவாசல்:
பிரெஞ்சுக்காரன் சொல்லித்தான் நமக்குச் சைவம் தெரிய வேண்டுமா?

ஓலைநறுக்கு:
பட் நம் நாட்டவர். சுவடி கொடுத்தவர்கள் நம் ஊர் சிவாச்சாரியார்கள். கேள்விக்கு வாருங்கள். 28-ஐயும் பார்த்தீர்களா?

அகல்விளக்கு:
ஒரு நிமிஷம். ஆகமம் என்று இங்கே யார் எதைச் சொல்கிறீர்கள்? மூல நூலா, பத்ததியா, கோவில் வழக்கமா? அதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை இருக்காது.

திருமண்:
சைவம் மட்டும்தான் ஆகமமா? வைணவர்கள் எங்களுக்கு வைகானசம், பாஞ்சராத்திரம் என்று இரண்டு ஆகமம் உண்டு. திருவரங்கத்தில் வைகானசமாக இருந்ததை உடையவர் ராமானுஜர்தான் பாஞ்சராத்திரத்துக்கு மாற்றினார் என்பது எங்கள் மரபு. ஒரு கோவிலின் ஆகமத்தையே ஆசாரியர் மாற்றினார், பெருமாள் போய்விடவில்லை.

கோபுரவாசல்:
உடையவர் மாற்றலாம். இணையத்தில் எழுதுகிறவர் மாற்ற முடியாது. அப்புறம், சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ஆகமப்படிதான் அர்ச்சகர் நியமனம் என்று சொல்லிவிட்டது. முடிந்தது கதை.

ஓலைநறுக்கு:
தீர்ப்பில் பாதியை விழுங்காதீர்கள். அரசியல் சட்டத்துக்கு உட்பட்டுத்தான், ஒவ்வொரு நியமனத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. 1972-ல் சேஷம்மாள் வழக்கில் இதே உச்ச நீதிமன்றத்தில் என்ன சொன்னார்கள்? அர்ச்சகரை நியமிப்பது சமயம் சாராத செயல், பரம்பரை உரிமை சமயத்தின் பகுதி இல்லை என்றார்கள். அதே தீர்ப்பு ஆகமத்தை மீறக்கூடாது என்றும் சொன்னது, அதை நான் மறைக்கவில்லை. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் எந்தெந்தக் கோவில் ஆகமக் கோவில் என்று அடையாளம் காணக் குழு அமைக்கச் சொன்னது. இதை யோசித்துப் பாருங்கள். நம் கோவில் எந்த ஆகமப்படி கட்டியது என்பதையே குழு போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் என் தாத்தா எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது!

கருஞ்சட்டை:
ஓலைநறுக்கு ஐயா இவ்வளவு படித்து என்ன பயன்? 28 இருந்தால் என்ன, 280 இருந்தால் என்ன? மனிதனைப் பிறப்பால் ஒதுக்கும் நூல் எதுவானாலும் தூக்கிப் போட வேண்டியதுதானே. 1970-ல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்தது கலைஞர் ஆட்சி. பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சி அறிவித்ததால் வந்தது அது. ஓதுவார்கள் ஏடு புரட்டி வந்ததில்லை.

ஓலைநறுக்கு:
நீங்கள் தூக்கிப் போடுவதற்காக நான் படிக்கவில்லை. காலையில் நீறு பூசாமல் வெளியே கிளம்பாதவன் நான். உங்களுக்குக் கருவறை ஒரு போராட்டக்களம், எனக்கு அது என் அப்பன் இருக்கிற இடம். அந்த அப்பன் பெயரைச் சொல்லி என்னை ஏமாற்றக்கூடாது என்பதுதான் என் வழக்கு.

கருஞ்சட்டை:
உங்கள் அப்பன் வாசலில் உங்களை நிறுத்தியதை மாற்ற நாங்கள் வர வேண்டியிருந்தது. நன்றி வேண்டாம், ஏளனம் செய்யாமல் இருந்தால் போதும்.

ஓலைநறுக்கு:
ஏளனம் எங்கே செய்தேன்? வரியைக் காட்டுங்கள்.

நெல்லைச்சீமை:
இந்தக் கோபுரவாசல் பழைய ஆள்தான். 2020 பிப்ரவரியில் தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கின்போதும் "தமிழில் ஓதினால் ஆகம விரோதம்" என்று இதே பாட்டைப் பாடினார். நீதிமன்றம் இரண்டு மொழியிலும் ஓதச் சொன்னது, ஓதினார்கள். கோபுரம் சாய்ந்துவிட்டதா? அன்றைக்கு என்னை "அரைகுறை" என்றார். இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

கோபுரவாசல்:
அரைகுறையை அரைகுறை என்றுதான் சொல்ல முடியும். குடமுழுக்கு என்பதா, கும்பாபிஷேகம் என்பதா என்று அன்றைக்கு மூன்று நாள் சண்டை போட்டவர் நீங்கள்.

நெல்லைச்சீமை:
குடமுழுக்குதான். இன்றைக்கும் சொல்வேன்.

வில்வம்:
நீங்கள் எல்லோரும் மொழி பேசுங்கள். எங்கள் கோவிலில் ஒருகால பூசைக்கு எண்ணெய் இல்லை. அதற்கு யாரும் நாலு வரி எழுதியதில்லை.

ஓலைநறுக்கு:
எண்ணெய்க்கு எழுதலாம் தம்பி, நானே வாங்கித் தருகிறேன். ஆனால் பேச்சை மாற்றாதீர்கள். கண்ணப்பர் எந்த ஆகமம் படித்தார்? வாயில் நீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்தார், இறைச்சி படைத்தார். ஆகமம் தவறாத சிவகோசரியாரை ஒளிந்து நின்று பார்க்கச் சொன்னவர் யார்? சிவன்தானே.

கோபுரவாசல்:
முதலில் கண்ணைத் தோண்டி வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் தொடலாம்.

ஓலைநறுக்கு:
இன்று உள்ளே நிற்கிறவர்கள் எல்லோரும் கண்ணைக் கொடுத்துவிட்டா நிற்கிறார்கள்? எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டணம்? திருமூலரை மறுபடி கூப்பிடட்டுமா? "பேர்கொண்ட பார்ப்பான் பிரான்தன்னை அர்ச்சித்தால்" அரசனுக்கு நோயும் நாட்டுக்குப் பஞ்சமும் வரும் என்று பாடியவரும் அவர்தான். பேருக்குப் பார்ப்பானாக இருந்தால் போதாது என்கிறார். இதையும் 28-ல் சேர்த்துக்கொள்வீர்களா?

வில்வம்:
அந்தப் பாட்டைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் என்னைக் கிண்டல் செய்தார்கள். நீங்களுமா அண்ணா? எங்கள் வீட்டில் காரணாகமத்தின் ஏடு இருக்கிறது. கொள்ளுத்தாத்தா கை எழுத்து. பாதியைச் செல் அரித்துவிட்டது. மிச்சத்தை அப்பா வருஷம் ஒருமுறை எண்ணெய் தடவி வைக்கிறார். உங்கள் கேள்விக்கு அது ஒன்று போதும்.

ஓலைநறுக்கு:
கிண்டல் செய்யவில்லை தம்பி. அந்த ஏட்டை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கிரந்தம் வாசிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுகிறேன்.

வில்வம்:
பூசையில் இருப்பது. படம் எடுக்க மாட்டோம்.

கோபுரவாசல்:
சரியாகச் சொன்னாய் தம்பி. ஏட்டைக் கேட்க இவர் யார்?

ஓலைநறுக்கு:
ஓதுவார் பேரன். பாதி ஏடு ஒன்று தெரிகிறது. மீதி 27 எங்கே ஐயா?

கோபுரவாசல்:
திருமந்திரத்தில் எண்ணிக்கை இருக்கிறது. போய்ப் படியுங்கள்.

நெல்லைச்சீமை:
குடமுழுக்கு.