அஞ்சாம் வகுப்பு, இன்னும் வாசிப்பு வரவில்லை: எச்.எம். கேட்கும் ஆதாரத்துக்கு என்ன சொல்ல?

தேனி டீச்சர்:
என் வகுப்பில் 26 பேர். ஒன்பது பேருக்கு ரெண்டாம் வகுப்புப் பத்திகூட வாசிக்க வரவில்லை. ஒரு பையன் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறான். வேறு பக்கத்தைக் காட்டினால் ப-ட்-ட-ம் என்று எழுத்தெழுத்தாகச் சொல்கிறான், சேர்க்கத் தெரியவில்லை. வாசிக்கும் திறனை வைத்து நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கலாமா என்றால், "பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் என்ன, போர்ஷன் யார் முடிப்பது?" என்கிறார் எச்.எம். சார். நியாயமான கேள்விதானே?

பழைய பி.ஆர்.டி.ஈ:
வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக (பி.ஆர்.டி.ஈ) இருந்தவன் சொல்கிறேன், ஆதாரம் நிறையவே இருக்கிறது டீச்சர். 2001-03இல் மும்பை, வதோதரா பள்ளிகளில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் பின்தங்கிய பிள்ளைகளைத் தினம் ரெண்டு மணி நேரம் தனியே உட்கார வைத்து அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தது. இந்த உதவி யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து, பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு. மதிப்பெண் தெளிவாகவே கூடியது.

ஆனால் நீங்கள் எச்.எம்.மிடம் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. உத்தரகாண்ட் அரசுப் பள்ளிகளில் இதே முறைக்குப் பயிற்சியும் பொருட்களும் கொடுத்தும் பலன் இல்லை. ஹரியானாவில் 2012-13இல் தினம் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள், வகுப்பைக் கலைத்து நிலைவாரியாக உட்கார வைத்தார்கள், வட்டார ஒருங்கிணைப்பாளர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். இந்தி வாசிப்பு முன்னேறியது. அதனால் முறைக்கு அனுமதி கேட்காதீர்கள். கால அட்டவணையில் ஒரு பீரியட் கேளுங்கள். எழுத்தில் இல்லாத பீரியடைப் பருவத்தேர்வு விழுங்கிவிடும், எத்தனையோ பள்ளிகளில் பார்த்திருக்கிறேன்.

இல்லம் தேடி அக்கா:
நம்ம ஊர்க் கணக்கும் இருக்கு டீச்சர். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், விட்டுப்போன படிப்பில் மூணில் ரெண்டு பங்கு திரும்பிவிட்டது. அதில் கால் பங்கு அளவுக்கு எங்க இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களோட மாலை வகுப்பால்தான் என்று வந்தது.
ஒண்ணு மட்டும்: பிள்ளைங்களை, அடிநிலைக் குழுவோட பேரைச் சொல்லி, "ஏய் அரும்பு" என்று கூப்பிட விடாதீங்க. மாசத்துக்கு ஒருமுறை வாசிக்கவெச்சுப் பார்த்துக் குழுவை மாத்துங்க.

தேனி டீச்சர்:
நன்றி சார், நன்றிக்கா. பிரேயர் முடிந்ததும் முதல் பீரியடைக் கேட்கப் போகிறேன், இப்போதைக்குத் தமிழ் மட்டும். மீதி 17 பேரை யார் பார்ப்பது?

பழைய பி.ஆர்.டி.ஈ:
நாலாம் வகுப்பு டீச்சரோடு பேசுங்கள். ரெண்டு வகுப்பையும் சேர்த்து, வாசிக்கிறவர்கள் ஒரு அறை, வாசிக்காதவர்கள் ஒரு அறை. வாசிக்காதவர்கள் அறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.