இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஹெட்ஃபோன்: கடையில் கேட்டதும் காதில் கேட்டதும்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. பஸ் இரைச்சல் காதில் விழக்கூடாது, விலை இரண்டாயிரத்தைத் தாண்டக்கூடாது என்றேன். "நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கு சார்" என்று கடைக்காரர் ஒரு பெட்டியை நீட்டினார். அதில் போட்டிருந்தது ஈஎன்சி. எனக்கு வேண்டியது, வெளி இரைச்சலை நம் காதுக்கு அடக்கும் ஏஎன்சி. ஈஎன்சி என்பது மைக்குக்கானது. நாம் பேசும்போது சுற்றுச் சத்தத்தைக் குறைத்து, எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரலைத் தெளிவாகக் கொண்டுபோகும். நம் காதுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். சரி என்று நகர்ந்துவிட்டேன்.

அடுத்த கடையில் ஏஎன்சி உள்ளதைப் போட்டுப் பார்க்க விட்டார்கள். பொத்தானை அழுத்தியதும் மின்விசிறியின் உறுமல் அடங்கியது. வாசலில் ஆட்டோ ஹாரன் அடங்கவில்லை. பஸ் இன்ஜின், ஏசி போன்ற ஒரே சீரான இரைச்சலில்தான் அதன் சாமர்த்தியம். பக்கத்து சீட்டுப் பேச்சைத் தடுப்பதில் காதில் அமரும் மெத்தைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் காதை முழுதாக மூடும் மாடலையே வாங்கினேன்.

*

எனக்குத் தலைவலி ஆபீஸ் ஆன்லைன் மீட்டிங்கில். பாட்டு அருமையாகக் கேட்கும், மீட்டிங்கில் சேர்ந்ததும் குரலெல்லாம் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகிவிடும். பழுது இல்லை. ஹெட்ஃபோன் மைக்கைத் திறந்ததும் ப்ளூடூத் பாட்டு கேட்கும் முறையிலிருந்து போன் பேசும் முறைக்கு மாறிக்கொள்கிறது. இரு காதுக்கும் தனித்தனியாக வரும் ஸ்டீரியோ போய், இரண்டிலும் ஒரே ஒலி வரும் மோனோ வந்துவிடும். விலை கூடிய பலவற்றிலும் இதே கதைதான். சவுண்ட் செட்டிங்ஸில் மைக்குக்கு மட்டும் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தேன், தெளிவு திரும்பிவிட்டது. ஒரு பைசா செலவில்லை!

*

பெட்டியில் "40 மணி நேரம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தால் கீழே பொடி எழுத்தையும் படியுங்கள். பெரும்பாலும் பாதிச் சத்தத்தில், ஏஎன்சியை அணைத்துவிட்டு எடுத்த கணக்கு. நான் பார்த்தது ஒயர் குத்தும் துளை இருக்கிறதா என்றுதான். சார்ஜ் தீர்ந்தாலும் பாட்டு ஓடும் (எல்லா மாடலிலும் அல்ல, கடையில் அணைத்துவிட்டுக் குத்திப் பாருங்கள்). அப்புறம், என்னைப் போல மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பத்து நிமிடமாவது மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும். அந்தச் சந்தில் பாட்டின் பேஸ் (கனத்த அடி ஒலி) ஒழுகும், வெளிச்சத்தம் நுழையும், நெற்றிப்பொட்டும் வலிக்கும்.