வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பேக்லிங்க் வாங்குவதும் பொய் ரிவியூ எழுதுவதும்: எஸ்.ஈ.ஓ. வேலையில் எல்லை எங்கே இருக்கிறது?

கேள்வி கேட்டவர்: காலிவீதி_மாலை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு சிறிய டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்தில் பதினெட்டு மாதங்களாக எஸ்.ஈ.ஓ. (தேடுபொறியில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும்) வேலை செய்து வருகிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர், தந்தையார் காலத்திலிருந்து வெள்ளவத்தையில் புடைவைக்கடை நடத்தி வருபவர். மாதாமாதம் தவறாமல் கட்டணம் செலுத்துகிறார். கூகுளில் தேடினால் கடை முதற்பக்கத்தில் வர வேண்டும் என்பதைத் தவிர அவர் எங்களிடம் வேறெதையும் கேட்டதில்லை. அதற்காக நாங்கள் என்ன செய்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியாது.

இந்த மாதம் என் பொறுப்பில் மூன்று வேலைகள் தரப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் 500 பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து கடையின் தளத்துக்கு வரும் இணைப்பு) கொண்ட பொதி ஒன்றை வாங்க வேண்டும். தெகிவளை, கல்கிசை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று 22 இடங்களுக்குத் தனித்தனிப் பக்கங்கள் உருவாக்க வேண்டும். எல்லாவற்றிலும் எழுத்து ஒன்றுதான், இடப்பெயர் மட்டும் மாறும். மூன்றாவதாக, கடையின் கூகுள் பக்கத்தில் 40 ரிவியூக்கள் இட வேண்டும். அவை எக்செல் தாள் ஒன்றில் முன்கூட்டியே எழுதித் தரப்பட்டுள்ளன. பதினேழாவது வரியில் 'என் மகளின் கூறைச்சேலையை இங்குதான் எடுத்தோம், குடும்பமே மகிழ்ச்சி' என்று இருக்கிறது. அதை என் அம்மாவின் கைப்பேசியிலிருந்து இடும்படி சொல்லியிருக்கிறார்கள்.

தயங்கியபோது, எல்லா நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன என்று பதில் வந்தது. இவற்றில் எது தவறு, எது வெறும் ஆபத்து என்பதை அனுபவமுள்ளவர்கள் பிரித்துச் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: பழைய_தேடல்

சகோதரி, மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பேக்லிங்க் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதில் கை சுட்டுக்கொண்டவன் நான்.

கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தரும் இணைப்பைச் சாட்சியமாகக் கொள்கிறது. சாட்சி சொல்பவருக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு கனம் அந்தச் சாட்சியத்துக்கும் உண்டு. கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் நான்கு பேரிடம் விசாரிக்கிறோமே, அதைப் போன்றதுதான் இது. அந்த நான்கு பேரும் காசு வாங்கிக்கொண்டு பேசினால், ஏமாறுவது பெண் வீட்டார்தான். 500 இணைப்புப் பொதியைத் திறந்து பார்த்தால் நான் சொல்வது விளங்கும். பதிவு காலாவதியான டொமைன்களை (இணைய முகவரிகளை) மலிவாக வாங்கி, கணினி எழுதிய கட்டுரைகளால் நிரப்பி, ஒரே ஆள் நடத்தும் தளங்களின் வலையமைப்பு அது. ஒரு பக்கத்தில் சூதாட்டம், அடுத்ததில் எடை குறைக்கும் மருந்து, அதற்கும் கீழே வெள்ளவத்தைப் பட்டுச் சேலை.

2014இல் தென்கரையிலுள்ள ஒரு விருந்தினர் விடுதிக்கு நான் வேலை செய்தபோது, அப்போதைய என் நிறுவனம் இத்தகைய இணைப்புகளை ஏராளமாக வாங்கியிருந்தது. ஒரு காலையில், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் வெப்மாஸ்டர் டூல்ஸில் (இன்றைய சர்ச் கன்சோல்), உங்கள் தளத்துக்கு இயற்கைக்கு மாறான இணைப்புகள் வருகின்றன என்ற கைமுறை நடவடிக்கை (கூகுள் ஊழியர் பார்த்து விதிக்கும் தண்டனை) அறிவித்தல் வந்தது. விடுதியின் பெயரைத் தேடினால்கூட அவர்களுடைய தளம் மேலே வரவில்லை. 1,100க்கும் மேற்பட்ட இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தள உரிமையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பெரும்பாலோர் பதிலளிக்கவில்லை, சிலர் இணைப்பை நீக்கவும் பணம் கேட்டார்கள். எஞ்சியவற்றை, கூகுள் 2012 ஒக்டோபரில் அறிமுகப்படுத்திய டிஸவோ (இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லும்) கருவியில் பட்டியலிட்டு, மீள்பரிசீலனை விண்ணப்பம் அனுப்பினேன். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, இரண்டாவது ஏற்கப்பட்டது. நான்கு மாதங்கள் போயிருந்தன. தடை நீங்கியும் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனெனில் அந்த இடத்தைத் தாங்கி நின்றதே அந்தப் பொய் இணைப்புகள்தான். அந்தப் பருவத்தில் அறைகள் காலியாகக் கிடந்ததற்கான நட்டம் முழுவதும் விடுதிக்காரருக்கு. எங்கள் நிறுவனமோ நான்கு மாதத்துக்கும் கட்டணம் பெற்றது.

இதன் பெரிய உதாரணம் ஒன்று பகிரங்கமாகவே இருக்கிறது. ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் எண்ணற்ற பொருட்களின் தேடலில் முதலிடத்தில் நின்றதற்குக் காரணம், தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான தளங்களில் இடப்பட்ட இணைப்புகள் என்பதை நியூயோர்க் டைம்ஸ் 2011 பெப்ரவரியில் வெளிப்படுத்தியது. கூகுள் அத்தளத்தைக் கீழே தள்ளியது. அந்த இணைப்புகளுக்குத் தாம் அனுமதி அளிக்கவில்லை என்று நிறுவனம் கூறி, தனது எஸ்.ஈ.ஓ. ஒப்பந்தக்காரரை நீக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே தன் பெயரில் நடந்தது தெரியவில்லை என்றால், உங்கள் புடைவைக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் செய்த பெங்குவின் என்ற மாற்றம் இத்தகைய தளங்களைத் தண்டித்தது. 2016 செப்டெம்பரில் அது கூகுளின் மைய அல்கொரிதத்தில் (தரவரிசைக் கணிப்பு முறையில்) சேர்க்கப்பட்ட பின்னர், பொய் இணைப்புகள் பெரும்பாலும் கணக்கில் எடுக்கப்படாமலே விடப்படுகின்றன. ஆகவே அந்த 500 இணைப்புகள் இன்று கடைக்குத் தீங்கு செய்யாமல் போகலாம், ஆனால் நன்மையும் செய்யாது. மாத அறிக்கையில் 500 என்ற எண்ணைக் காட்டி, பயனற்றதென்று நமக்குத் தெரிந்த ஒன்றுக்கு அவரிடம் பணம் வாங்குகிறோம். என் மனத்தில் மிகப் பெரிய தவறு இதுதான். அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பதில் 2: செட்டியார்தெரு

நான் எஸ்.ஈ.ஓ. துறையைச் சேர்ந்தவன் அல்லன். எங்கள் குடும்பம் நகைக்கடை வைத்திருக்கிறது, அதனால் ரிவியூ பற்றி மட்டும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கலியாணத்துக்கு நகை எடுக்க வருபவர்கள் முன்பு உறவினரைக் கேட்டு வந்தார்கள். இப்போது கைப்பேசியில் ரிவியூ பார்த்து, எந்தக் கடைக்குள் முதலில் ஏறுவது என்று தீர்மானிக்கிறார்கள். சேமித்த பணத்தை ஒரே நாளில் செலவிடப் போகிறவர்கள் அவர்கள். உங்கள் எக்செல் தாளின் பதினேழாவது வரியை நம்பி, மெய்யாகவே மகளுக்குக் கூறைச்சேலை எடுக்க ஒரு தாய் வருவார். அவருக்குச் சொல்லப்படும் பொய் அது. கூகுள் அதைக் கண்டுபிடிக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

சட்டமும் இதில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரத்தில் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு (எஃப்.டி.சி.) பொய் ரிவியூக்களை நேரடியாகவே தடை செய்யும் விதியை 2024 ஒக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நாங்கள் செய்வது ஒன்றுதான். பொருளை வாங்கிப் பற்றுச்சீட்டைப் பெறும்போது, விருப்பமிருந்தால் கருத்து எழுதுங்கள் என்று எல்லோரிடமும் கேட்கிறோம், மனக்குறையோடு போகிறவரிடமும் கேட்கிறோம். அதற்காகக் கழிவோ அன்பளிப்போ தருவதில்லை. கூகுளும் அதை அனுமதிப்பதில்லை. வருடம் முழுவதும் சேர்ந்தாலும் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் கூலி கூடிவிட்டது என்று ஒருவர் எழுதிய ரிவியூவுக்குக் கீழே அப்பா கணக்கை விளக்கி எழுதிய பதிலைப் படித்துவிட்டு வந்ததாகவே பலர் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் 3: மருதானை_சந்தி

மேலே இருவர் சொன்னதோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். கூகுளின் விதி என்பது ஒரு தனியார் நிறுவனத்தின் விதி. அதை மீறுவதெல்லாம் அறமீறல் என்று எடுத்துக்கொண்டால் நாம் தவறான இடத்தில் போய் நிற்போம். தேடல் முடிவுகளில் தனது பொருள் ஒப்பீட்டுச் சேவைக்குச் சாதகமான இடம் கொடுத்ததற்காக 2017இல் ஐரோப்பிய ஆணைக்குழு கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடுவராக நிற்பவரே ஆட்டத்திலும் இறங்கியிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

உதாரணமாக, உங்கள் கடைக்காரர் கொழும்பிலுள்ள ஒரு தமிழ்ச் செய்தித்தளத்துக்குப் பணம் கொடுத்து, விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டு, அதில் தன் தளத்துக்கு இணைப்பும் பெற்றால், வாசகர் எவரும் ஏமாறவில்லை. பணம் கொடுத்துப் பெற்ற இணைப்பு என்று தேடுபொறிக்குக் காட்ட, 2019 முதல் உள்ள 'ஸ்பொன்சர்ட்' போன்ற குறியீட்டை அதில் இடாவிட்டால் கூகுளின் விதி மீறப்படும், அவ்வளவே. அதை இட்டுவிடுங்கள், செலவில்லாத வேலை. ஆனால் அதை மறந்தவரையும் பொய் ரிவியூ எழுதியவரையும் ஒரே வரிசையில் நிறுத்த என்னால் முடியாது.

22 பக்கங்களையும் இதே அளவுகோலால்தான் பார்க்கிறேன். கொட்டாஞ்சேனையில் கடை இல்லாதபோது 'கொட்டாஞ்சேனையில் எங்கள் புடைவைக்கடை' என்று எழுதினால், பஸ் ஏறிப் போய்த் தேடி அலைபவர் ஒருவர் இருப்பார். தேடுபொறிக்காக மட்டும் பக்கம் செய்வது பெரிய நிறுவனங்களையும் மாட்டிவிட்டிருக்கிறது: 2006இல் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளமே தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் வருபவருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியதற்காகக் கூகுளின் பட்டியலிலிருந்து சில நாட்கள் நீக்கப்பட்டது. மாறாக, கல்கிசையிலிருந்து வருபவருக்கு எந்தப் பஸ், எங்கே வாகனம் நிறுத்தலாம், வீட்டுக்குக் கொண்டுவந்து தர எவ்வளவு என்று எழுதிய ஒரு பக்கம் இருந்தால், அது இடப்பெயருக்காக எழுதப்பட்டது என்று யாரும் குறை சொல்ல முடியாது. அப்படி எழுதக்கூடிய இடங்கள் 22 இருக்காது, நான்கைந்து இருக்கும்.

பதில் 4: எழுத்துரு_நண்பி

நேர்மையாகச் செய்யக்கூடிய வேலை அந்தக் கடையின் தளத்திலேயே மிச்சம் இருக்கக்கூடும் என்பது என் ஊகம். நம்முடைய பல கடைகளின் தமிழ்ப் பக்கங்கள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன, அல்லது அச்சகத்தில் பாமினியில் அமைத்த விலைப்பட்டியலைப் படமாக எடுத்து ஏற்றியிருக்கிறார்கள். பாமினியில் எழுதிய 'பட்டுச் சேலை' திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியலே. பிரதி செய்து வேறொரு இடத்தில் ஒட்டிப் பாருங்கள், உடனே தெரியும். தமிழில் தேடுபவருக்கு அந்தப் பக்கம் இல்லாததற்குச் சமம். அதை யூனிகோடுக்கு (எல்லாக் கணினிகளும் தமிழாகவே அறியும் எழுத்து முறைக்கு) மாற்றிக் கொடுத்தால், ஏற்கெனவே இருக்கும் உண்மையைத் தேடுபவர் கண்ணுக்குக் காட்டியவர் ஆவீர்கள்.

படங்களுக்கான மாற்று உரையிலும் ஒரு வேண்டுகோள். பார்வையற்ற ஒருவருக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்காக வந்த வசதி அது. என் தம்பி, திரையிலுள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பாவிப்பவன். அம்மாவுக்குச் சேலை தெரிவு செய்ய அவன் ஒரு தளத்தைத் திறந்தபோது, ஒவ்வொரு படத்துக்கும் 'மலிவுப் பட்டு, கொழும்புப் பட்டு, சிறந்த பட்டு, காஞ்சிபுரப் பட்டு' என்று அதே சொற்களை அந்தக் குரல் திரும்பத் திரும்ப வாசித்தது. ஆறாவது படத்தில் அவன் கணினியை மூடிவிட்டான். 'கரும்பச்சைப் பட்டு, அரக்கு நிறக் கரை, சிறிய மாங்காய் வேலைப்பாடு' என்று எழுதியிருந்தால் அவனே தெரிவு செய்திருப்பான், தேடுபொறிக்கும் அது விளங்கியிருக்கும்.

கேள்வி கேட்டவர்: காலிவீதி_மாலை

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை என் மேலாளரிடம், அம்மாவின் பெயரிலோ என் பெயரிலோ அந்த ரிவியூக்களை இட மாட்டேன் என்று எழுத்தில் அறிவித்தேன். பேக்லிங்க் பொதி பற்றி, பழைய_தேடல் ஐயா விளக்கியதையே மின்னஞ்சலில் எழுதி, கடைக்காரரின் சம்மதம் எழுத்தில் கிடைத்தால் மட்டுமே வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும் கடைக்காரரிடம் மறைக்கப் போவதில்லை.

மதிய இடைவேளையில் கடைக்குப் போய், விலைப்பட்டியல் எங்கே அச்சானது என்று கேட்டேன். எழுத்துரு_நண்பி சொன்னதுபோல் அது பாமினிதான். மூலக் கோப்பு கொட்டாஞ்சேனை அச்சகத்தில் இருக்கிறதாம், சனிக்கிழமை பெற்றுத் தருவதாக ஐயா சொன்னார். கல்கிசைப் பக்கம் எழுதுவதற்காக, அங்கிருந்து எந்தப் பஸ்ஸில் வந்து எங்கே இறங்க வேண்டும் என்பதையும் அவரிடமே குறித்துக்கொண்டேன். யூனிகோடுக்கு மாற்றும்போது ஆங்கில எண்களும் அடைப்புக்குறிகளும் குழம்பாமல் இருக்க வழி தெரிந்தவர்கள் இங்கே எழுதினால் உதவியாக இருக்கும்.